பூவாடைக்காரியிடம் ஒரு கேள்வி

எங்கே இருந்தாலும் தலைநோவு இல்லாமல் இருக்கிறாய் என்று நான் நம்ப விரும்பும் என் அக்காவுக்கு,

உன் தங்கச்சி சாந்தா எழுதுகிறேன். உனக்கு விலாசம் கிடையாது என்பதால் இதைப் பத்திரிகைக்குத்தான் அனுப்பப் போகிறேன். நாலு பேர் படித்துவிட்டுப் போகட்டும். சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது. இந்தச் சொல்லை உன்னிடம் சொல்லக்கூடாதுதான், ஆனாலும் வந்துவிட்டது.

நான் மெட்ராஸில் முதுகலை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். கொள்ளைநோயியல் என்று பெயர். பயந்துவிடாதே, காலராவும் அம்மையும் மட்டுமல்ல. ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒரு முறை வந்தால் ஆளை விட்டுப் போகாத வியாதிகள் இருக்கின்றனவே, அவை எந்த ஊரில், யாருக்கு, எதனால் வருகின்றன என்று எண்ணிப் பார்க்கிற படிப்பு. மாமாவுக்கு இன்னும் இது விளங்கவில்லை. “ஊசி போட மாட்டே, மாத்திரை எழுத மாட்டே. அப்புறம் இன்னா டாக்டரு நீ?” என்கிறார். நான் டாக்டர் இல்லை, கணக்குப் பார்க்கிறவள் என்றேன். “கணக்குப் பாக்கறவளுக்கு எதுக்கு இந்தப் பொட்டி?” என்று ரத்த அழுத்தம் பார்க்கும் என் பாதரசப் பெட்டியைக் காட்டிச் சிரித்தார். உன் புருஷன் சிரித்து ரொம்ப நாளாயிற்று என்பதால் நானும் கூடச் சிரித்தேன்.

அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஊர் ஊராகப் போனேன். வீடு வீடாக உட்கார்ந்து, கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து அழுத்தம் பார்த்தேன். கடைசியில் நம் பென்னலூருக்கும் வந்தேன். உன் வயதுப் பெண்களிடம் அழுத்தம் அவ்வளவாக இல்லை என்று கணக்கு வந்தது. பேராசிரியருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அழுத்தம் இருந்தவர்கள் எல்லாம் செத்துப் போய்விட்டார்கள், இல்லாதவர்கள் மட்டும் மிஞ்சி இருக்கிறார்கள் என்றால் கணக்கு அப்படித்தானே வரும்? உன்னை நான் எங்கே எண்ணினேன்?

பேராசிரியரிடம் இதைக் கேட்டேன். “செத்தவங்க கையில பட்டை கட்ட முடியுமாம்மா? அவங்க எதனால போனாங்கன்னு யார் எழுதி வெச்சிருக்காங்க?” என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கேட்டதும் நியாயம்தான். நீ களத்து மேட்டில் விழுந்தபோது காற்று அடித்துவிட்டது என்றார்கள், முனி அறைந்துவிட்டது என்றார்கள். அதோடு சரி.

நான் சும்மா இருப்பேனா? மறுபடி வீடு வீடாகப் போய், “இந்த வீட்டில் சின்ன வயசில் யாராவது இறந்திருக்கிறார்களா?” என்று கேட்டேன். மடத்தனம். ஓர் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தவள் தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “வெளக்கு வெக்கற நேரத்துல இன்னா கேள்வி இது? புள்ளகுட்டிங்க கீற வூடு. எழுந்து போம்மா!” என்றாள். அடுத்த வீட்டில் நாயை அவிழ்த்து விடாத குறை.

பிறகு ஒரு வீட்டில் மூலையில் புதுப்பானை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே மஞ்சளில் தோய்த்த புடவை மடித்து வைத்திருந்தது. நம் வீட்டில் உனக்கு வைத்திருப்பது போலவே. இதைப் படிக்கிறவர்களில் தெற்கத்திக்காரர்கள் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்துப்போனவளைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவார்கள். கல்யாணம் கார்த்தி என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். “இது யாரு, உங்க பூவாடைக்காரியா?” என்று கேட்டேன். அவ்வளவுதான். அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். எப்படி இருப்பாள், என்ன பூ பிடிக்கும், எப்படித் தலையைப் பிடித்துக்கொண்டே சுருண்டு விழுந்தாள், பிள்ளை வயிற்றோடு எப்படிக் கால் வீங்கிக் கிடந்தாள், எல்லாம் சொன்னார்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அபசகுனம், சாமியைப் பற்றிக் கேட்டால் புண்ணியம்!

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அப்படித்தான் கேட்டேன். வேலை நடந்தது. ஆனால் கேட்கக் கேட்க எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது அக்கா. ஒருத்தி செத்தால் தெய்வமாக்கி மூலையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். தெய்வத்திடம் போய் உனக்கு என்ன வியாதி என்று யார் கேட்பார்கள்? பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் வைத்து வாயை அடைத்துவிடுகிறார்கள். நீ உயிரோடு இருந்தபோது எவன் உனக்குப் பட்டு எடுத்தான்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் மல்லிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மணிமங்கலத்துப் பையன். அம்பத்தூரில் கம்பெனி வேலை, ஷிப்டுக்குப் போகிறான். தங்கமான பையன் என்கிறார்கள். பெண் உன்னைவிட உயரம், உன்னைப் போலவே வாயாடி. முந்தின மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, “ஊருக்கெல்லாம் காத்தடிக்கிற, எனக்கும் அடி சித்தி” என்று கையை நீட்டினாள். விளையாட்டாகத்தான் பட்டையைக் கட்டினேன்.

காதில் துடிப்புச் சத்தம் கேட்டபோது பாதரசம் நின்ற உயரம், இந்த வயதில் இருக்கவே கூடாத உயரம். கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். அடுத்த கையில் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தேன். இறங்கவே இல்லை. “தலை நோவுமா?” என்று கேட்டேன். “எப்பவாச்சும் நோவும். தைலம் போட்டுகினு படுத்தா பூடும்” என்றாள். நீயும் இதையேதான் சொல்வாய்.

மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும், உடனே போக வேண்டும் என்றேன். மனிதர் கையெடுத்துக் கும்பிட்டார். “கல்யாணம் முடியட்டும் சாந்தா. பிரஷர்னு ஒரு பேச்சு மணிமங்கலத்துக்குப் போச்சுன்னா, பொண்ணு வூட்லயே கெடக்கும். ஒங்கக்கா இருந்து பாத்துக்குவா.” கல்யாணமானால் பிள்ளை உண்டாகும். இந்த அழுத்தத்தோடு பிள்ளை உண்டானால் என்னவாகும் என்று நான் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தலைநோவு முற்றியதும் மல்லிகா பிறந்த பிறகுதானே? நீ இருந்து பார்த்துக்கொள்வாயாம். நீ இருந்தால்தானே!

கல்யாணத்துக்கு முன்னால் உனக்குப் படையல் வைத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஏரிக்கரையில் பம்பை மேளம் அடித்து உன்னை அழைத்தார்கள். உன் நாத்தனார் கன்னியம்மா மேல் நீ வந்தாய் என்றார்கள். தலைவிரி கோலமாக அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மாமா கற்பூரத்தை ஏற்றி, வழக்கப்படி, “மனசு குளுந்துச்சா தாயே? கொற எதுனா கீதா? கல்யாணத்த நடத்த உத்தரவு குடு” என்று கேட்டார்.

என்ன ஆயிற்றோ தெரியவில்லை, நான் முன்னால் போய் நின்றேன். “அக்கா, நீ எப்படிச் செத்த? உனக்கு இன்னா பண்ணிச்சு?” என்று கேட்டுவிட்டேன்.

பம்பை நின்றது. பூவாடைக்காரியிடம் ஆசை கேட்கலாம், உத்தரவு கேட்கலாம். செத்த கதையை ஒருவரும் கேட்பதில்லை. “படிச்ச திமிரு பாரு” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். கன்னியம்மா ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள்.

“தல வெடிச்சிச்சுடி. கண்ணு மங்கிச்சு. கரண்டி கையில நிக்கல. சொன்னேனே, எவ காதுல வாங்கினா? நாத்து நட்டுட்டு வந்து படுத்துக்கோன்னீங்களே! இப்ப எம் பொண்ணும் தலையக் கட்டிகினு படுத்துகினு கீறா. பூ வெக்கறீங்க, பொடவ வெக்கறீங்க, அவள ஒருத்தர் இன்னான்னு கேட்டீங்களா?”

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மல்லிகா சுவரோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அது நீயா அக்கா? இல்லை, இத்தனை வருஷமாக மல்லிகாவோடு ஒரே பாயில் படுத்து, அவள் முனகலைக் கேட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவா? அடுத்த நாள் அவளிடம் கேட்டேன். “எனக்கு இன்னா தெரியும்? நெனப்பே இல்ல” என்று முறத்தைத் தட்டிக்கொண்டே போய்விட்டாள். பேராசிரியரிடம் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாமி சொன்னதை எழுதாதே, வீட்டு மனுஷர்கள் சொன்னதை எழுது, அதையும் முழுசாக நம்பிவிடாதே, வருஷம் போகப் போக ஞாபகம் மாறும் என்றார். ஆனால் செத்தவர்களுக்கு ஆராய்ச்சியில் தனியாக ஓர் அத்தியாயம் எழுத ஒப்புக்கொண்டார். அதற்காக அவர் கண்ணாடியை நானே துடைத்துக் கொடுத்திருப்பேன்.

படையலுக்குப் பிறகு மாமா தடுக்கவில்லை; மல்லிகாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள், இன்னும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தலை நோவாத நாளும் போட வேண்டும் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். உப்பைக் குறை என்றதும் உன் மகள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு மாமாவே மணிமங்கலத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். போய்ச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. பூவாடைக்காரி வாயால் வந்ததை மறைத்துப் பெண் கொடுத்தால் குடும்பம் விளங்காது என்றார். அவர்கள், “சொல்லி அனுப்பறோம்” என்றார்களாம். அப்புறம் ஒரு பேச்சும் இல்லை. தெருவில் சைக்கிள் மணி கேட்டால் மாமா எழுந்து எழுந்து பார்க்கிறார். என்னோடு பேசுவதில்லை. என்னாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது. சரியாகத்தான் செய்தேனா? ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றப் போய் அவள் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனா? நீ இருந்தால் என்னைக் கட்டிக்கொண்டிருப்பாயா, விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாயா?

நேற்று மல்லிகாவிடமே கேட்டேன், சித்தி மேல் கோபமா என்று. மாத்திரையை வாயில் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சொன்னாள்: “அவங்க வந்தா வர்ட்டும், போனா போவட்டும் சித்தி. எனக்குப் பூவாடைக்காரி ஆவறதுக்கு இஷ்டமில்ல.”

கேட்டாயா அக்கா, உன் மகள் பேச்சை? உனக்கு இப்படிச் சொல்ல ஒருவரும் இடம் கொடுக்கவில்லை.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மணிமங்கலம் வரட்டும், வராமல் போகட்டும். மாமா பேசட்டும், பேசாமல் இருக்கட்டும். அவள் கையில் மாதா மாதம் பட்டை கட்டுவேன், திட்டினாலும் கட்டுவேன். அவள் தலை நரைக்கட்டும். பல் விழட்டும். மருமகளோடு உப்புக்குச் சண்டை போடட்டும். யாரும் கும்பிடாத கிழவியாக அவள் வாழ்ந்து முடிக்கட்டும். உன் மகளைத் தெய்வமாக விடமாட்டேன்.

மல்லிகாவின் சித்தி,
உனக்கு என்றைக்கும் அடங்காத தங்கச்சி
சாந்தா