போகணும் என்று சொல்லாதவள்

மார்ச் 4, செவ்வாய்

இடது சிறுநீரகம் வீங்கியிருக்கிறதாம். உள்ளே அடைப்பா, வெறும் வீக்கமா என்று பார்க்க ஒரு ஸ்கேன். அடைப்பென்றால் ஆபரேஷன். "தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று டாக்டர் கேட்டார். தையல் ஆலையில் தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும். எழுந்தால் சூப்பர்வைசர் கடுகு (அவர் வெடிக்கிற வெடிக்கு நாங்கள் வைத்த பெயர்) "மறுபடியுமா?" என்று வரிசைக்கே கேட்கும்படி கத்துவார். இதையெல்லாம் டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "மறந்துடுறேன் சார்" என்றேன்.

மார்ச் 10

நாளை ஸ்கேன். ஒரு நாள் லீவுக்குக் கடுகு மூக்கால் அழுதார்.

மார்ச் 11

ஊசி போட்ட பெண் நல்லவள்தான். "சிறுநீரை வேகமா பிரிக்கிற மருந்து இது. அவசரமா வரும், அடக்காம சொல்லுங்க. தலை சுத்தலாம், மெதுவா எழுந்திரிங்க." தலையாட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. நாக்கு வறண்டது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கேட்டால் இவளும் "மறுபடியுமா?" என்பாளோ? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பெருமை வேறு – அடக்குவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை! ஸ்கேன் முடிந்ததும் விருட்டென்று எழுந்தேன். கண் இருட்டியது. தரையில் கிடந்தேன், துணியெல்லாம் ஈரம்.

வீட்டுக்காரர் சொன்னார்: "வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

வாயைத் திறந்தா ஒருத்தர் கத்துறார், திறக்கலேன்னா இன்னொருத்தர். நான் என்னதான் பண்றது?

மார்ச் 13

"மருந்து போட்டும் வடியல" என்றார் டாக்டர். அப்போ அடைப்புதான், ஆபரேஷன்தான் என்று நினைத்தேன். பிறகு படத்தை உற்றுப் பார்த்தார். "சிறுநீர்ப்பை நிரம்பியே இருந்திருக்கு. கீழ வழியில்லாம மேல எப்படி வடியும்? இதை நம்பிக் கத்தி வைக்க முடியாது. திரும்ப எடுக்கணும்."

மறுபடியுமா.

மார்ச் 20

இந்த முறை "போகணும்" என்றேன். அதே பெண் ஸ்கேனை நிறுத்தினாள், மெல்ல உட்கார வைத்தாள், கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அவ்வளவுதான். இதற்குப் போய் பாத்ரூமில் அழுதேன்.

மார்ச் 24

அடைப்பு இல்லை. ஆபரேஷன் வேண்டாம். ஆனால் இடது பக்கம் பாதிதான் வேலை செய்கிறது. "இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க. தண்ணி குடிங்க, அடக்காதீங்க."

மார்ச் 26

மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்தேன். குடித்தேன். எழுந்தேன்.

"மறுபடியுமா?"

"ஆமா" என்றேன்.

திரும்பி வந்தால் என் மெஷினில் வேறொருத்தி. என்னை நூல் வெட்டும் மேசைக்குப் போகச் சொன்னார் கடுகு. கூலி குறைவு. அந்த மேசை பாத்ரூமை ஒட்டி இருக்கிறது. பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன்.