அம்மாவின் கையும் கண்ணாடிக் காப்பும்

கொழும்பிலிருந்து வந்த காப்புப் பெட்டியை இன்று காலை கடையில் வைத்துப் பிரித்தேன். வைக்கோல் மணமும் பழைய பத்திரிகை மணமும் ஒன்றாக எழும்பின. உடனே உங்கள் மேல் கோபம் வந்தது, அம்மா. நினைத்தால் அழுகை வரும் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது.

அப்பா இருந்த காலத்தில் உங்கள் கைக்கு இருந்த மரியாதையே வேறு. கடை என்ன கடை, பஸ் நிலையத்துக்கு எதிரே நாலு பலகையும் ஒரு தகரமும். ஆனாலும் நம் ஊரான சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பெண்கள் தேடி வந்தார்கள். கண்ணாடிக் காப்பை வாங்கியவர் தானே போட்டுக்கொள்வதில்லை. விற்பவர்தான் போட்டுவிட வேண்டும். நீங்கள் சவர்க்கார நுரையைத் தடவி, பெருவிரலைச் சின்னவிரல் பக்கம் மடக்கிப் பிடித்து, ஊர்க்கதை கேட்டுக்கொண்டே ஒரு டசினை ஏற்றிவிடுவீர்கள். ஒன்றும் உடையாது. "நோகுதா பிள்ளை?" என்று நீங்கள் கேட்கும்போது வேலை முடிந்திருக்கும்.

மீன்பிடிக்கப் போன அப்பா வள்ளத்திலேயே நெஞ்சடைத்து இறந்தார். வீட்டில் கொண்டுவந்து கிடத்தியபின், பெரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் உங்கள் கைகளை ஒன்றோடொன்று மோதிக் காப்புகளை உடைத்தார்கள். ஒரு துண்டு மணிக்கட்டில் ஏறி இரத்தம் வந்தது. நீங்கள் கையை இழுக்கவில்லை. எனக்கு அப்போது பதினான்கு வயது. கதவு மூலையில் நின்று பார்த்தேன்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து கடையைத் திறந்தோம். முதலில் வந்தது கலியாணம் பேசி முடித்த ஒரு பெண்ணும் அவளுடைய தாயும். நீங்கள் காப்பை எடுத்ததும் தாய் மகளின் கையைப் பின்னால் இழுத்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா. கலியாணக் காரியம். உங்கட மகள் போட்டுவிடட்டும்."

நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே நுரைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினீர்கள். சனிக்கிழமைகளில் மட்டும் என்றுதான் தொடங்கியது. பிறகு, "இந்தத் திருவிழா முடியட்டும்" என்றீர்கள். பிறகு பள்ளிக்கூட இடாப்பில் என் பேரை வெட்டிவிட்டார்கள். சொந்தக்காரர் வந்தாலே குசினிக்குள் ஒளிகிற என்னை, முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடிக்க வைத்தீர்கள்.

கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் உம்மா ஒருவர் மட்டும் என்னிடம் கையை நீட்டவில்லை.

"எனக்கு நீங்களே போடுங்க. உங்கட கையில என்ன, முள்ளா முளைச்சிருக்கு? புள்ள பள்ளிக்குப் போகட்டும்."

அவருக்கு நீங்கள்தான் போட்டுவிட்டீர்கள். அன்று மத்தியானம் வரைக்கும் உங்கள் முகமே வேறாக இருந்தது. அடுத்த ஆள் வந்ததும் கிண்ணம் மறுபடியும் என் பக்கம் வந்தது.

பள்ளிக்கூட நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல் என்னிடம் தங்கிவிட்ட புத்தகம் ஒன்று உண்டு. கண்ணாடியின் வரலாறு. ஆள் வராத வெயில் நேரங்களில் அதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவேன். மனிதர் கண்ணாடியில் முதலில் செய்தது யன்னலும் இல்லை, போத்தலும் இல்லை. மணி. மணலையும் ஒருவகை உப்பையும் உருக்கி, அழகுக்குப் போட்டுக்கொள்ள மணி. குழாயால் ஊதிப் பாத்திரம் செய்யப் பழக அதன்பின் ஆயிரக்கணக்கான வருடங்கள் எடுத்தன. நம் மன்னார்ப் பக்கம், மாந்தையிலும் பழங்காலக் கண்ணாடி மணிகள் எடுத்திருக்கிறார்கள். வெனிஸ் நகரத்தில் கண்ணாடி செய்பவர்களை ஒரு தீவில் குடியேற்றி, தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்று ஊரைவிட்டுப் போக விடாமல் வைத்திருந்தார்கள் என்று ஒருநாள் வாசித்தேன்.

"அப்ப உன்னை மாதிரித்தான்" என்றீர்கள்.

பகிடிக்குத்தான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது.

இன்னொரு நாள், "மணலை உருக்கினதுதானே பிள்ளை, மணலுக்கு என்ன துடக்கு, என்ன தீட்டு?" என்று கேட்டீர்கள். என்னிடம் ஏன் கேட்டீர்கள்? நானா கையைப் பின்னால் இழுத்தேன்?

காய்ச்சல் என்று ஆசுபத்திரிக்குப் போன நீங்கள் நாலாம் நாள் பெட்டியில் வந்தீர்கள். பெரியம்மா உங்களுக்கு வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. கையில் ஒன்றுமில்லை. இருபது வருடம் ஊருக்கெல்லாம் காப்புப் போட்டுவிட்ட கை. அந்தப் புத்தகத்தில் ஒரு படம் இருக்கிறது: எகிப்தில் தோண்டி எடுத்த ஒரு பெண்ணின் கழுத்தில் நீலக் கண்ணாடி மணிகள். அவளுக்குப் புருஷன் உயிரோடு இருந்தானா என்று அதில் யாரும் எழுதவில்லை.

நான் எழும்பிப் போய்க் கடைப் பையிலிருந்து பச்சைக் காப்புகளை எடுத்தேன். கிண்ணத்தில் நுரை அடித்துக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"என்னடி செய்யிறாய்? விசரே உனக்கு? சனம் பாக்குது!" என்றார் பெரியம்மா.

உங்கள் கை விறைத்திருந்தது. பெருவிரல் மடங்கவில்லை. முதல் மூன்று காப்பும் உடைந்து என் விரலைக் கிழித்தன. நாலாவது ஏறியது. மற்றக் கையில் ஒன்று, முதல் தரத்திலேயே ஏறியது. பள்ளிக்கூடத்தை விட்டு நான் படித்த ஒரே வேலை இதுதான், அம்மா. எனக்கு அது நல்லாய்த் தெரியும்.

"கழற்றடி!" பெரியம்மா என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"ஏலாது" என்றேன்.

செத்தவீடு முழுக்கக் கேட்டது. எனக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கே தெரியாது. யாரும் கழற்றவில்லை. அப்படியேதான் உங்களைக் கொண்டுபோனார்கள். பெரியம்மா இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.

அந்தச் சொல்லை அதற்குப் பிறகும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு கஷ்டமான சொல் இல்லை. அந்தத் தாய் தன் மகளின் கையை இழுத்த அன்று, ஒரே ஒரு தரம், நீங்களும் சொல்லியிருக்கலாம் அம்மா. "ஏலாது, என்ர பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணும்" என்று.