பீரோ கதவில் செருகிய தாள்

பெயிண்ட் அடிக்க வந்தவர் போன திங்கட்கிழமை மத்தியானம் ஒரு முறத்தை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். முறத்தில் மடித்த காகிதங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டியில் பாதி இருக்கும், நசுங்கிக் கெட்டியாகிப் போனவை. கையால் தொடாமல் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஜன்னல் கட்டையில, கண்ணாடிக்குப் பின்னால, தட்டு ஸ்டாண்டுல, எங்க கை வெச்சாலும் இருக்கு சார். யாரோ செய்வினை வெச்சிருக்காங்க" என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே பயம்.

நான் ஒன்றைப் பிரித்தேன். தினசரிக் காலண்டர் தாள். ராகு காலம், எமகண்டம், மேலே தேதி. இன்னொன்றும் அதுவே. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் காலண்டர் தாளைச் சேர்த்து வைத்த ஒரே ஆள் நீதான்.

அதற்காக உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். காலையில் தாளைக் கிழித்து நான் கசக்கப் போனால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வாய். "மகாராணிக்கு இதுகூட வேணுமா?" என்பேன். "எதுக்காவது ஆகும்ங்க" என்பாய். எதற்கு ஆனது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

செய்வினையெல்லாம் நான் நம்புகிறவனில்லை. ஆனாலும், எனக்குத் தெரியாமல் என் வீட்டில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? கோபம்கூட வந்தது. பீரோ கதவிடுக்கில் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதை நானே பிடுங்கி மேஜைமேல் போட்டேன்.

அன்று ராத்திரிதான் விளங்கியது. லாரிகளை ஊருக்குள் விடும் நேரம் ஆனதும் ஓசூர் ரோட்டில் முதல் லாரி வந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. பீரோ கதவு, போலீஸ்காரன் வந்து தட்டுகிற மாதிரி தட்டியது. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே இன்னொரு லாரி, அதற்குப் பின்னால் சிமெண்ட் கலக்கும் வண்டி. ஆடுகோடியில் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பத்து நாள் தூக்கம் கெட்டது, அப்புறம் பழகிவிட்டது என்றுதான் இருபத்தாறு வருஷமாக நினைத்திருந்தேன். எனக்கு எதுவும் பழகவில்லை. நீ ஒவ்வொன்றாக அடைத்திருக்கிறாய்.

எது ஆடுகிறது என்று இருட்டில் காது கொடுத்து, எழுந்து போய்த் தடவிப் பார்த்து, என்னை எழுப்பாமல் செருகியிருக்கிறாய். அந்தச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் நீ விழித்திருந்திருக்க வேண்டும். ஒரே பாயில் படுத்திருந்த எனக்கு அது தெரியவில்லை.

பஸ் டிப்போவில் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் உனக்குத் தெரியும். "ரோட்டுல பொழைக்கிறவனுக்கு ரோட்டுச் சத்தம்தான்டா தாலாட்டு. படுத்தா மூணரைக்கு அலாரம் அடிச்சாத்தான் கண்ணு முழிப்பேன்." சிவாஜிநகர் ஆனேக்கல் பஸ்ஸை ஒரு விபத்துகூட இல்லாமல் ஓட்டி முடித்தவன் என்று ரிட்டயர் ஆன அன்று எனக்கு மாலை போட்டார்கள். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தூங்கி வழிந்தாய். வீட்டுக்கு வந்து, "மானத்தை வாங்கிட்டியே" என்று திட்டினேன். "ஃபேன் காத்து நல்லா வந்துச்சுங்க, கண்ணு சொக்கிடுச்சு" என்றாய். அந்த மாலையில் பாதி உன்னுடையது. அந்தத் தூக்கத்தைத்தான் நான் திட்டியிருக்கிறேன்.

விடிந்ததும் பீரோ தாளைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதுதான் பழசு, மடிப்பில் கிழிந்து மஞ்சளாகியிருந்தது. விஜயதசமி. நாம் இந்த வீட்டுக்கு வந்த வருஷம்.

அன்று பஸ்ஸில் ஆயுத பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றை இன்னும் அவிழ்க்கவில்லை. பொம்மனஹள்ளி சிக்னலில் நிற்கும்போது, ராத்திரி தூங்காத அசதியில் ஸ்டியரிங் மேல் தலை சாய்ந்துவிட்டது. பிரேக்கிலிருந்து கால் நழுவி, பஸ் உருண்டு, முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் இருக்கும்போது கண்டக்டர் உலுக்கினார். சாப்பிடும்போது அதை உன்னிடம் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு, "வண்டியில எத்தனை பேர் இருந்தாங்க?" என்று கேட்டாய்.

"ஃபுல்லு" என்றேன்.

அன்றைக்கே ஆரம்பித்திருக்கிறாய்.

இதையெல்லாம்விட என்னைக் கொல்வது வேறொன்று. உனக்கு ரத்தக் கொதிப்பு என்று கூட்டிப் போனேனே, அந்த டாக்டரம்மா கன்னடத்தில், "நித்ரே சென்னாகி பருத்தாம்மா?" என்று கேட்டார். தூக்கம் நன்றாக வருகிறதா என்று உன்னைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "அவளுக்கென்ன மேடம், பகல்லயே தூங்குறா." நீ என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாய். அவரும் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். அடுத்த வருஷம் நீ இல்லை. தூக்கம் இல்லாததால்தான் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் போகவே இல்லை. நான் போகவிடவில்லை.

நேற்று என் மாத்திரைக்காக அவரிடம் போயிருந்தேன். என்னையும் அதே கேள்வி கேட்டார். "எனக்கு இருக்கட்டும் மேடம். மூணு வருஷம் முன்னாடி என் வீட்டுக்காரியைக் கேட்டீங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். அவளுக்குத் தூக்கமே இல்ல" என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

பெயிண்ட் வேலை முடிந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் பெயிண்டரே முறத்தைக் கேட்டு வாங்கி, எது எங்கே இருந்தது என்று யோசித்து யோசித்து நாற்பத்தொன்றையும் செருகிக் கொடுத்தார். இப்போது பயப்படாமல் கையாலேயே எடுத்தார்.

விஜயதசமித் தாளை மட்டும் நான் கொடுக்கவில்லை. லைசென்ஸ் வைத்திருந்த சட்டைப்பையில் இப்போது அதுதான் இருக்கிறது. லாரி போகும்போதெல்லாம் பீரோ கதவு தட்டுகிறது. பழைய பீரோ, தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறான் நம் மகன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது தட்டும்போதெல்லாம் நான் எழுந்து உட்காருகிறேன்.