பச்சைச் சட்டை

சேசு மரி சூசை துணை

கோலசிலாங்கூர்
9 ஆகஸ்ட் 1952

பாசமுள்ள பெர்னாட் தம்பிக்கு,

அண்ணி யூஜினியா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் சுகம். கோலாலம்பூர் ஆஸ்பத்திரி வேலையில் உங்கள் சுகத்துக்கும் மாதாவை வேண்டுகிறேன்.

சுகம் என்று எழுதிவிட்டேன், உங்கள் அண்ணன் கண்ணைத் தவிர. நான் வெள்ளைச் சட்டையைப் பழுப்பாகத் துவைக்கிறேன் என்று மூன்று மாதமாக என்னோடு மல்லுக்கு நிற்கிறார். நானும் நீலம் கூட்டிக் கூட்டிப் போட்டேன். கடைசியில் பக்கத்துக் கடை ஹலீமா, "என்னாக்கா, போட்டோக்காரரு வானத்தையா உடுத்திட்டுப் போறாரு?" என்று சிரித்தாள்.

போன வாரம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மகள் லெட்சுமியின் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படத்துக்குக் கலர் பூசினார். புடவை பச்சைப் பட்டு. படத்தில் நீலமாக இருந்தது. பெண்ணின் தாயார் கேட்டதற்கு, "நாப்பது வருசமா கலர் பூசுறேன், எனக்கே பாடமா?" என்று எரிந்து விழுந்தார். அந்த அம்மாள் படத்தை வாங்கிக்கொண்டு போனாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. வீட்டு மாதா சுரூபத்தைக் காட்டி, மேலாடை மங்கிவிட்டதே, என்ன கலர் பூசலாம் என்று சும்மா கேட்டேன். இந்தப் பச்சையே நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நம் மாதாவுக்கு ஏது தம்பி பச்சை மேலாடை, நீலமல்லவா? அப்போதுதான் அவர் போலீஸில் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

போன மாதம் அவர் தோட்டத்திலிருந்து சைக்கிளில் வரும்போது, முள்வேலிக்கு வெளியே ஒருவன் அரிசி மூட்டையோடு ரப்பர் மரங்களுக்குள் ஓடியதைப் பார்த்திருக்கிறார். முகம் தெரியவில்லை. போலீஸ் விசாரித்ததும், பச்சைச் சட்டைக்காரன் என்று சொல்லிவிட்டார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அன்று பச்சைச் சட்டை போட்டிருந்தவன் ரப்பர் பால்வெட்டும் செல்லன் ஒருவன்தான். போட்டோக்காரர் கண் தப்பாது என்று அவனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொடுத்த குற்றமாம். மாதா திருநாள் கழிந்த திங்கட்கிழமை காவல் முகாமுக்கு அனுப்புகிறார்கள். அங்கே போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அவன் பெண்சாதி சின்னத்தாய் தினமும் வந்து ஸ்டுடியோ வாசலில் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். அவள் திட்டினால்கூடத் தேவலை.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன். கோளாறு என் கண்ணில்தானாம். எல்லாம் பயம், தம்பி. கலர் தெரியாத போட்டோக்காரன் என்று பேரெடுத்தால் யார் வாசல் மிதிப்பார்கள்? அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாதா திருநாளுக்கு நீங்கள் வருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று பூசைக்குப் பிறகு, தமிழ் தெரிந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் குடும்பத்தோடு படமெடுக்க வருகிறார். அந்த நேரத்தில் நீங்கள் ஸ்டுடியோவில் இருக்க வேண்டும். நல்ல நீலச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். தம்பி சட்டைக்கு என்ன கலர் பூசப் போகிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் நான் கேட்பேன். அவர் சொல்வதை இன்ஸ்பெக்டர் காதால் கேட்கட்டும்; நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

பிறகு அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். என்னோடு பேசமாட்டார். பேசாவிட்டால் போகட்டும். வழியில் அவர் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மாதா உங்களையும், அவரையும், செல்லனையும் காக்கட்டும்.

அண்ணி
யூஜினியா