அடுப்பு மூட்டாத வீடு

இராஜபாளையம்
18.3.2024

பாசமுள்ள மகள் ஜெயசித்ராவுக்கு,

நானும் உன் அம்மாவும் சுகம். காலில் கட்டு எப்படி இருக்கிறது? பாறை பாறையாக ஏறி மலைத்தேனீயை ஆராய்கிறவள் பெங்களூரில் குளியலறையில் வழுக்கி விழலாமா? வெளியே கேட்டால் பாறையில் விழுந்ததாகவே சொல்.

போனில் நான் வாயைத் திறந்தாலே "சுருக்கமாச் சொல்லுங்கப்பா" என்பாய். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை.

நேற்று உனக்குப் பதிலாக மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போனேன். தேனெடுக்கும் முன் பளியர்கள் வருஷத்துக்கு ஒரே முறை மலையைப் பார்த்துச் சொல்லும் தேனீக் கதையை அவர்களில் மூத்தவரான மாரியாத்தாள் சொன்னார். தேனீ புகுந்த வீட்டில் கோபித்துக்கொண்டு, மலை மேலே இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாளாம். வழியில் ஒவ்வொரு மரமும் ஒரு உறவுக்காரர் வீடு. கையில் துண்டுச் சீட்டு இல்லை. ஒரு மணி நேரம் அந்தம்மா எங்கும் தடுமாறவில்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதிய நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் நிறையப் பாட்டு. பாட்டு வந்தபோதெல்லாம் போனில் பதிவை நிறுத்தி சார்ஜை மிச்சம் பிடித்தேன். கதை மட்டும் பதினொரு நிமிஷம், சுத்தமாக அனுப்பியிருக்கிறேன். மில் ஃபிட்டர் மூளை, சும்மாவா?

அன்புடன்,
அப்பா தங்கச்சாமி


பெங்களூரு
23.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபமாக எழுதி இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது.

எனக்கு வேண்டியது பாட்டுத்தான் அப்பா. எந்த மரத்துக்குப் பிறகு எந்த மரம், எத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் பாட்டில்தான் வரும். சித்திரையில் சமவெளியை விட்டுக் கிளம்பும் தேனீ பாறைக்கு வந்து சேர இருபது நாளாகிறது. அந்த இருபது நாள் எங்கே இருக்கிறது என்று மூன்று வருஷமாகத் தேடுகிறேன். ஜூனில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். அந்த அத்தியாயம் காலியாகத்தான் போகும்போல.

சினிமாவில் பாட்டு வந்தால் டீ குடிக்க எழுந்து போகிறவரை அனுப்பியது என் தப்பு.

ஜெயசித்ரா


இராஜபாளையம்
2.4.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு டீயே இறங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு மறுபடி போய் நின்றேன். தேன்காரிக்கு இனிப்பு கொண்டுபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மாரியாத்தாள் முடியாது என்றுவிட்டார். கதை சொன்னதும் தேனீ புறப்பட்டுவிடுவாளாம். இரண்டாவது தடவை சொன்னால் குழம்பிப்போய்ப் பாதி வழியில் திரும்பிவிடுவாளாம்.

என் முட்டாள்தனத்தைச் சொல்லி அழாத குறை. நினைவிருந்ததை நானே பாடிக் காட்டினேன். என் குரலுக்கு நாய் எழுந்து வேறு இடம் போய்ப் படுத்தது. இலவ மர வீட்டில் ஒன்பது நாள் என்றேன். அந்தம்மாவின் உதடு துடித்தது. ஓடைக்கரை மருத மரத்து வீட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்தாள் என்றேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, அங்கன அடுப்பே மூட்டலயே. பசியும் பட்டினியுமா அக்கா தங்கச்சி அம்புட்டுப் பேரும் கைகோத்துத் தொங்குனாவ. நாவப்பூ வாசம் வந்த பொறவுதான் கெளம்புனாவ."

தப்பாகச் சொன்னால் அது கதையில் சேராதாம், திருத்தலாமாம். பிறகென்ன, தப்பாகச் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளுண்டா? முதலிலிருந்து கடைசிவரை உளறினேன், அவர் சிரித்துச் சிரித்துத் திருத்தினார். எல்லாம் பதிவில் இருக்கிறது.

ஒரு நிபந்தனை. "எம்பேரப் போடச் சொல்லுங்க. 'ஒரு மலைவாசிப் பெண்'ணு போட்டா உங்க மக இங்கன வரவேண்டாம்" என்றார்.

அப்பா


பெங்களூரு
8.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

பதிவை நாலு தடவை கேட்டேன். அடுப்பு மூட்டவில்லை என்றால் தேனடை கட்டவில்லை, தேன் சேர்க்கவில்லை என்று அர்த்தம். நான் இத்தனை நாளும் அடையைத்தான் தேடினேன். அடை இல்லாத மரத்தை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

பேர் கட்டாயம் உண்டு. கட்டுரையில் என் பேருக்கு முன்னால் அவர் பேர். இதை அவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரமாகும். சித்திரை பிறந்ததும் அந்த ஓடைக்கரைக்கு எனக்காகப் போவீர்களா? திட்டியதற்கு மன்னியுங்கள்.

உங்கள் ஜெயசித்ரா


இராஜபாளையம்
21.4.2024

என் கண்ணு ஜெயசித்ராவுக்கு,

நேற்றுப் போனேன். ஓட்டுப் போட்ட மை இன்னும் விரலில் இருந்தது. மாரியாத்தாளிடம் பேர் விஷயத்தைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

மூன்றாவது மருத மரத்தடியில் நின்று மேலே கை காட்டினார். முதலில் எனக்குக் கிளைதான் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு அந்தக் கறுப்பு மெல்ல அசைந்தது. அடை இல்லை, ஒரு சொட்டுத் தேன் இல்லை. ஆயிரக்கணக்கில் ஒன்றின் காலை ஒன்று பிடித்துத் தொங்கின. யாரோ எந்தக் காலத்திலோ நிமிர்ந்து பார்த்து, எண்ணி, மறக்காமலிருக்கப் பாட்டில் கட்டி வைத்ததை, நான் சார்ஜ் வீணாகிறது என்று நிறுத்தியிருக்கிறேன் மகளே.

இந்தத் தடவை நிறுத்தவில்லை. போன் அணையும்வரை ஓடவிட்டேன். நாற்பத்திரண்டு நிமிஷம். பேச்சு ஒன்றும் கிடையாது, வெறும் ரீங்காரம். முழுவதும் கேள்.

நானும் எழுந்து போகவில்லை.

அப்பா