உன் எடைக்கு ஒரு மணல் மூட்டை

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் சுகமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பதாக நம்புகிறோம், நம்பாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. நீ செய்து அனுப்பிய ரேக் பத்திரமாக வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்ததும் இதில் துண்டு காயப் போடலாமா என்று அம்மா கேட்டாள். இது லாடம் போல வளைத்த கம்பி, குறுக்கே ஒரு பக்கம் திறந்து மூடும் ஆறு சட்டங்களில் கயிற்றை மேலும் கீழுமாகப் பின்னிவிட்டால் உரசலில் வேகம் குறையும், உயரக் கட்டிடங்களில் கண்ணாடி துடைக்கிறவர்கள் இதை நம்பித்தான் இறங்குவார்கள் என்று பெரிய மேதை மாதிரி விளக்கினேன்.

ஒளிக்காமல் குறை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் லிஃப்ட் பிரேக்கோடு மல்லுக்கட்டியவனிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா. மாடிப்படி நடுவே மேல் உத்தரத்தில் கயிற்றைக் கட்டி, உன் எடைக்கு, அதாவது நீ போன தடவை வந்தபோது இருந்த ஐம்பத்து நாலு கிலோவுக்கு, ஒரு சாக்கில் மணல் நிரப்பி ரேக்கில் மாட்டினேன். கயிற்றின் நுனியைக் கீழே நின்று நான் பிடித்துக்கொண்டேன், இழுத்தால் மூட்டை நின்றது, தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேல் சட்டம் மட்டும் நன்றாகச் சூடாகிறது, தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். பத்துத் தடவை இறக்கிவிட்டு, பிரமாதம் என்று உனக்கு எழுத மனசுக்குள் வரிகூட அமைத்துவிட்டேன், பெற்றவன் புத்தி. பதினோராவது தடவை மேலே ஏறச் சோம்பல்பட்டு, மாடியிலேயே நின்றிருந்த அம்மாவைக் கயிற்றைப் பின்னச் சொன்னேன். அவள் மறுபக்கத்திலிருந்து, கயிறு சட்டங்களை மூடி அழுத்தாமல் திறந்து தள்ளும்படி பின்னிவிட்டாள். பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் மூட்டையைத் தள்ள, எடை விழுந்ததுமே ஆறு சட்டமும் படபடவென்று திறந்துகொண்டன, மூட்டை எனக்கு இரண்டடி தள்ளி விழுந்து வெடித்தது. பயத்தில் அவளைப் பார்த்துத்தான் கத்தினேன். அவள் மாடிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்று, "நான் தப்பாத்தான் போட்டேன். போட்டப்பவே அது ஏன் பேசாம இருந்துச்சு?" என்றாள்.

அவள் கேட்டது சரிதான் கண்ணே. கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது, ஆளை நம்பி அது புறப்படுவதில்லை. உன் ரேக் ஆளை நம்புகிறது. இரண்டாவது சட்டத்தில் கம்பி போய்ப் பொருந்தும் வெட்டைச் சாய்வாக இல்லாமல் நேராக வெட்டிப் பார், கயிற்றை மாற்றிப் பின்னினால் எடை விழும் முன்பே அந்தச் சட்டம் தானாக நழுவிக் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த வாரம் பன்னிரண்டாம் மாடியிலிருந்து நீயே முதலில் இறங்கப்போவதாக எழுதியிருக்கிறாய், அதைத் தள்ளிப்போடு. மேலதிகாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நீ கெட்டிக்காரிதான், ஆனால் களைத்த நாளில் கெட்டிக்காரிக்கும் கை மாறும்.

நீ நீடூழி நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. சிந்திய மணலை அம்மா யாரையும் தொடவிடாமல் தானே கூட்டி அள்ளி, வேறு சாக்கில் போட்டு, எடை பார்த்துக் கட்டி வைத்திருக்கிறாள். திருத்திய ரேக்கை இங்கே அனுப்ப வேண்டுமாம், முதலில் அது இறங்கட்டும், அப்புறம் நீ இறங்கு என்கிறாள்.

இப்படிக்கு,
சுட்ட விரலோடு எழுதும் உன் அப்பா