பதரில் கிடந்த கடல் நத்தைக் கூடு

டீச்சரம்மா,

இன்று காலை மிளகு புடைத்தேன். பறந்து விழுந்த பதரை அள்ளிக் கொட்டப் போன கை தானாக நின்றுவிட்டது. உங்களோடு பேச வேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்து தெரியாதல்லவா, நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

அட்டுவம்பட்டியிலிருந்து எங்கள் பெரும்பாறைக்கு மிளகு வாங்க வருவீர்கள். ஒருநாள் துணிப்பையில் கடல் மணலோடு வந்தீர்கள், ராமேசுவரம் பக்கம் அள்ளியது. அதற்குள் கடுகைவிடச் சிறிய நத்தையின் கூடு இருக்கிறதாம். இதுவரை கிடைத்ததெல்லாம் உடைந்தது. முழுசாக ஒன்றைப் படம் வரைந்துவிட வேண்டும் என்றீர்கள்.

"கண்ணு மங்கிக்கிட்டே வருதுய்யா. இனி தெளியாதுன்னுட்டார் டாக்டர். நீங்க பொறுக்கிக் குடுங்க."

நீங்கள் முகம் கழுவப் போன நேரத்தில் மணலைச் சுளகில் கொட்டி, மிளகைப் போலவே புடைத்துத் தள்ளினேன். கனமானது நிற்கும், லேசானது பதர். நான் அறிந்தது அவ்வளவுதான். நீங்கள் திரும்பி வந்து பார்த்தால் சுளகில் வெறும் மணல்.

"கூடு எங்கய்யா?"

என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள். "உள்ள ஆளில்லாத கூடு, பறக்காம என்னங்க செய்யும்? இந்த மனுசன் கையில எதக் குடுத்தாலும் மிளகுதான்! என்னையப் பொடச்சு எறியாம விட்டதே பெருசு."

நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டீர்கள். முன்னால் விரித்திருந்த சாக்கில் விழுந்த தூசியில் ஒரு சிட்டிகை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, லென்ஸை நீட்டினீர்கள்.

தூசி இல்லை. அத்தனையும் கூடுகள். நடுவில் ஒன்று, சுற்றுக்குச் சுற்று பாசிமணி கோத்தது போல.

"முழுசா கெடக்குங்க! வாய்கூட ஒடையல."

"வருசக்கணக்கா மணலப் பொறுக்குனேன். நீங்க ஒரே பொடையில பிரிச்சிட்டீங்களே!" என்று சிரித்தீர்கள்.

நான் பார்த்துச் சொல்ல, நீங்கள் வரைய, மூன்று நாள் ஆனது. ஒரு கோட்டைக்கூட ஊகத்தில் போடவில்லை. ஏழு சுற்று என்றால், "மறுபடி எண்ணுங்க" என்பீர்கள். எண்ணினால் எட்டு இருக்கும். "கட்டுனது எம்புட்டுச் சின்ன உசுரு! அது தப்பில்லாமக் கட்டியிருக்கு, நாம தப்பா வரையலாமா?"

நீங்கள் மறைந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. லென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. அதை வைத்துப் பார்க்காமல் பதரைக் கொட்டுவதில்லை. இன்று அதில் ஒரு மலை நத்தைக் கூடு கிடந்தது, மிளகில் பாதிகூட இல்லை.

ஐந்து சுற்று, டீச்சரம்மா. மறுபடியும் எண்ணிவிட்டேன்.